கிறிஸ்துமஸ் வில்லை

கிறிஸ்துமஸ் வில்லை என்பது, கிறிஸ்துமஸ் காலத்து வாழ்த்து அட்டைகள், கடித உறைகள், பரிசுப் பொட்டலங்கள் ஆகியவற்றின் மேல் ஒட்டுவதற்காக அறப்பணி அமைப்புகள் அச்சிட்டு விற்கும் சிறு படத்தாள். பார்வைக்குத் தபால்தலை போலவே இருக்கும். ஓரத்தில் பல் துளைகளும் முதுகில் பசையும் உண்டு; பெரும்பாலும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். ஆனால் தபால் கட்டணத்துக்குச் செல்லாது. கட்டணத்துக்கான தலையை ஒட்டிய பிறகு, விருப்பமுள்ளவர் தம் கைக்காசைப் போட்டுக் கூடுதலாக ஒட்டுவது இது. 1904இல் டென்மார்க்கில் தொடங்கி, காசநோயாளிகளுக்காக உலகின் பல நாடுகளில் பணம் திரட்டியது. ஒரு வீட்டார் தமக்குள் கொண்டாடும் பண்டிகையையும், முகம் தெரியாத நோயாளிக்குச் செய்யும் உதவியையும் இந்த அளவுக்கு எளிதாக முடிச்சுப் போட்ட வேறு வழக்கம் அரிது.

வாழ்த்து அட்டையும் வீடும்

வில்லை பிறப்பதற்கு முன்பே அதை ஒட்டுவதற்கான உறைகள் வீடுகளில் குவியத் தொடங்கியிருந்தன. பிரிட்டனில் 1840இல் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. 1843இல் ஹென்றி கோல் என்னும் அதிகாரி, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையை வரைவித்தார். வணிகமுறையில் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாக அறியப்படுவது அதுவே. ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சாயின. விலை ஒரு ஷில்லிங், அன்றைக்கு எளியவர் கைக்கு எட்டாத தொகை.

அந்த அட்டையின் படம் கவனிக்கத்தக்கது. நடுவில் பெரியவரும் சிறியவருமாக ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி இருக்கிறது. கைகளில் மதுக் கோப்பைகள். இரு பக்கமும் குறுகிய கட்டங்களில், ஒருபுறம் பசித்தவருக்கு உணவு கொடுக்கிறார்கள், மறுபுறம் ஆடையற்றவருக்கு ஆடை. வீட்டு விருந்தும் வெளியாருக்கு ஈதலும் ஒரே தாளில் அச்சாகிவிட்டன. ஆனால் அட்டை வாங்கியவர் கொடுத்த ஷில்லிங்கில் ஒரு காசுகூட அந்தப் பக்கக் கட்டங்களில் இருந்த ஏழைகளுக்குப் போகவில்லை. அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அச்சுக்கூலி குறைய அட்டையின் விலையும் இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிசம்பர் மாதத் தபால் மூட்டைகள் ஊழியர்களைத் திணறடிக்கும் அளவுக்குப் பெருகின.

அந்தக் காலத்தின் பெருநோய் காசநோய். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தபோது, மனிதச் சாவுகளில் ஏழில் ஒன்று அதனால் நேர்வதாகக் குறிப்பிட்டார். கிருமி தெரிந்துவிட்டது, மருந்துதான் கிடைக்கவில்லை. ஓய்வு, வெயில், நல்ல காற்று, பால், முட்டை, இவைதான் மருத்துவம். இவற்றைத் தருவதற்காக ஊருக்கு வெளியே, மலையடிவாரத்திலும் கடலோரத்திலும் சானடோரியங்கள் எழுந்தன. வசதி படைத்தவருக்கு அவை கிடைத்தன. ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் தொழிலாளர் வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால், அது அடுத்த பாய்க்குத் தாவுவது தவிர வேறு வழி இருக்கவில்லை.

நோயாளிகளுக்காகத் தபால் வழியே பணம் திரட்டும் எண்ணம் டென்மார்க்குக்கு முன்பே ஓரிடத்தில் தோன்றியிருந்தது. விக்டோரியா அரசி பட்டமேறிய அறுபதாம் ஆண்டான 1897இல், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், காசநோயாளர் இல்லத்துக்காக இரண்டு சிறப்புத் தபால்தலைகளை வெளியிட்டது. ஒரு பென்னித் தலைக்கு விலை ஒரு ஷில்லிங். இரண்டரைப் பென்னித் தலைக்கு இரண்டரை ஷில்லிங். முகமதிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு. வசதியுள்ளவரும் தலை சேகரிப்பவரும் வாங்குவதற்கு ஏற்ற ஏற்பாடு அது. கூலிக்காரர் வீட்டுக்குள் நுழையும் வழி அதில் இல்லை.

இரண்டு ஓரே

அந்த வழியைத் திறந்தவர் ஒரு தபால் எழுத்தர். ஐனர் ஹோல்போல் 1865இல் பிறந்தவர். கோபன்ஹேகன் தபால் துறையில் வேலை பார்த்தார். 1903ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில், மலையாகக் குவிந்த அட்டைகளையும் பொட்டலங்களையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை இலட்சம் உறைகளில் ஒவ்வொன்றும் ஒரு சில்லறைக் காசைக் கூடுதலாகச் சுமந்து போனால் எவ்வளவு சேரும்!

அவர் விலையாக நினைத்தது இரண்டு ஓரே. நூறு ஓரே சேர்ந்தது ஒரு குரோன். தபால் துறை மேலதிகாரிகள் இசைந்தார்கள். மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் ஆதரவு தந்தார். 1898இல் மறைந்த தம் துணைவி லூயிஸ் அரசியின் உருவம் முதல் வில்லையில் இடம்பெற்றது. 1904 டிசம்பரில் அது தபால் நிலையங்களில் விற்பனைக்கு வந்தது. அந்த ஒரு பண்டிகைக் காலத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகள் விற்றன. அன்றைய டென்மார்க்கின் மக்கள்தொகையே ஏறத்தாழ 25 இலட்சம்தான். கைக்குழந்தை முதல் முதியவர் வரை ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வாங்கிய கணக்கு.

ஹோல்போலின் திட்டம் ஏன் இப்படிப் பற்றிக்கொண்டது என்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அவர் மக்களிடம் எந்தப் புதுப் பழக்கத்தையும் கேட்கவில்லை. அவர்கள் எப்படியும் அட்டை எழுதப்போகிறார்கள். தலை வாங்க எப்படியும் தபால் நிலையத்துக்கு வரப்போகிறார்கள். அதே சாளரத்தில், அதே எழுத்தரிடம், தலையோடு சேர்த்து வில்லையையும் வாங்கிக்கொள்ளலாம். தனியாக உண்டியல் இல்லை, நன்கொடையாளர் பட்டியல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பத்து ஓரே வைத்திருப்பவர் ஐந்து வில்லை வாங்குவார். செல்வர் நூறு வாங்குவார். உறையின் மேல் இருவர் வில்லையும் ஒன்றுபோலவே இருக்கும்.

வீட்டுக்குள் அது குழந்தைகளின் வேலையாக இறங்கியது இன்னும் முக்கியம். பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் தாளைத் துளைவரிசையில் மடித்து, பல் கிழியாமல் பிரித்து, நாக்கில் ஈரம் தொட்டு, உறையின் மூடி படியும் இடத்தில் வைத்து அழுத்துவார்கள். அப்படி ஒட்டினால் அழகுக்கு அழகு, உறைக்கும் பூட்டு. ஈகை என்பதைப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடமாக இல்லாமல், சாப்பாட்டு மேசையில் கைப்பழக்கமாகவே கற்றுக்கொண்ட தலைமுறைகள் டென்மார்க்கில் இப்படித்தான் உருவாயின. சேர்ந்த பணமும் பிள்ளைகளுக்கே போனது. ஜட்லாந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் கோல்டிங் நகருக்கு அருகே, நிலத்துக்குள் கடல் நுழைந்த நீர்ப்பரப்பின் கரையில், காசநோய் கண்ட குழந்தைகளுக்கான சானடோரியம் வில்லைப் பணத்தில் கட்டப்பட்டு 1911இல் திறக்கப்பட்டது.

வழக்கம் விரைவாகப் பரவியது. ஸ்வீடன் அதே 1904இல் தொடங்கிவிட்டது, நார்வே 1906இல். கரீபியக் கடலில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த தீவுகள் 1907இலும், கனடாவில் டொரண்டோவும் ஹாமில்டனும் 1908இலும் சேர்ந்துகொண்டன.

வில்மிங்டன் தபால் நிலையம்

அமெரிக்காவுக்கு இந்த வழக்கத்தைக் கொண்டுசென்றது ஒரு கடிதத்தின் முதுகு. ஜேக்கப் ரீஸ் டென்மார்க்கின் ரீப நகரில் 1849இல் பிறந்து, நியூயார்க்கில் குடியேறிப் பத்திரிகையாளரானவர். அந்நகரத்துச் சேரிவீடுகளின் நிலையைப் படங்களோடு வெளியுலகுக்குக் காட்டிய நூலை 1890இல் எழுதியவர். காசநோய் அவருடைய உடன்பிறந்த சகோதரர் அறுவரைக் கொண்டுபோயிருந்தது. தாய்நாட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் ஒட்டியிருந்த வில்லை அவர் கண்ணில் பட்டது. இது என்ன என்று விசாரித்தறிந்து, 1907 ஜூலையில் 'அவுட்லுக்' இதழில் கட்டுரை எழுதினார். நம் நாட்டிலும் இதைச் செய்யலாமே என்பது அதன் சாரம்.

டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் எமிலி பிஸல் அதைப் படித்தார். அவர் 1861இல் பிறந்தவர். செஞ்சிலுவைச் சங்கத்தின் மாநிலக் கிளையில் பணியாற்றினார். அவருடைய உறவினரான மருத்துவர் ஜோசப் வேல்ஸ், பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஏழைக் காசநோயாளிகளுக்காக ஒரு சிறு குடில் நடத்திவந்தார். 300 டாலர் கிடைக்காவிட்டால் அதை மூடிவிட வேண்டிய நிலை. உள்ளே இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினால் அவர்கள் சாவதோடு, வீட்டிலுள்ளவர்களுக்கும் நோய் தொற்றும்.

பிஸல் தாமே ஒரு வில்லையை வரைந்தார். ஹோலி இலைகளும் செஞ்சிலுவையும் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் அதில் இருந்தன. 40 டாலர் கடன் வாங்கி 50,000 அச்சிட்டார். 1907 டிசம்பர் 7 அன்று வில்மிங்டன் தபால் நிலையத்தின் முன்கூடத்தில் ஒரு மேசை போட்டு விற்பனை தொடங்கியது. விலை ஒரு சென்ட். விற்பனை மந்தமாகவே இருந்தது. கிறிஸ்துமஸ் கடந்துவிட்டால் மிஞ்சிய தாள் குப்பைக்குத்தான். பிஸல் பக்கத்துப் பெருநகரான பிலடெல்பியாவுக்குப் போய் 'நார்த் அமெரிக்கன்' நாளிதழின் ஞாயிறு மலர் ஆசிரியரைப் பார்த்தார். அவர் மறுத்துவிட்டார். திரும்பும் வழியில், அந்த இதழில் தாம் விரும்பிப் படிக்கும் பத்தி எழுத்தாளர் லீ மிட்செல் ஹாட்ஜஸைக் கண்டு ஒரு தாளைக் காட்டினார். ஹாட்ஜஸ் அதை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியரிடம் ஓடினார். காசநோயை அடியோடு விரட்டும் கருவி இந்தத் துண்டுத்தாள் என்று அவர் வாதாடியதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து பண்டிகை வரை அந்த நாளிதழ் வில்லையைப் பற்றி விடாமல் எழுதியது.

பிலடெல்பியாவில் வழங்கிவரும் ஒரு செய்தி உண்டு. பத்திரிகை அலுவலகத்தின் உயரமான பளிங்கு மேடைக்கு, செய்தித்தாள் விற்கும் சிறுவன் ஒருவன் எட்டி நின்று ஒரு சென்ட்டை வைத்து ஒரு வில்லை கேட்டானாம். தன் அக்காவுக்கும் அந்த நோய் இருக்கிறது என்றானாம். நடந்ததோ, நடந்ததாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, வில்லையின் இயல்பை அது சரியாகவே பிடித்திருக்கிறது. நோய் கண்ட வீட்டுப் பிள்ளை, தன் அளவுக்கு, நோயை எதிர்த்து ஒரு காசு வைக்க முடிந்தது. பெருந்தனக்காரர்கள் மருத்துவமனை கட்டித்தரும்போது அந்தச் சிறுவன் வாங்குபவனாக மட்டுமே நிற்பான்.

300 டாலர் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 3,000 டாலர் சேர்ந்தது. மறு ஆண்டே செஞ்சிலுவைச் சங்கம் நாடு முழுவதும் வில்லை விற்று 1,35,000 டாலருக்கு மேல் திரட்டியது. பிறகு பொறுப்பு படிப்படியாகத் தேசியக் காசநோய்ச் சங்கத்தின் கைக்கு மாறி, 1920 முதல் முழுவதும் அதனுடையதாயிற்று. இரட்டைக் குறுக்குக்கோடு கொண்ட சிலுவை வில்லையில் நிலைத்ததும் அப்போதுதான். காசநோய் எதிர்ப்புக்கான அடையாளமாக அதை 1902இல் பெர்லின் மாநாட்டில் முன்மொழிந்தவர் பாரிஸ் மருத்துவர் ஜில்பேர் செர்சிரோன். மேசை போட்டு விற்பது குறைந்து, தாள்களை வீடு வீடாகத் தபாலில் அனுப்பி, பணத்தைத் திருப்பி அனுப்பக் கேட்கும் முறை வளர்ந்தது. கேளாமல் வந்த தாளுக்குப் பணம் அனுப்புவதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆயினும் இந்த முறையைப் பின்பற்றி 1934இல் உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்காக ஈஸ்டர் வில்லை வந்தது. வில்லையைத் தொடங்கிவைத்த பிஸலின் நினைவாக அமெரிக்கத் தபால் துறை 1980இல் தபால்தலை வெளியிட்டது.

கொரியாவின் வாயில்

வில்லையின் வரலாற்றில் மனத்தைத் தொடும் பகுதி கொரியாவினுடையது. கொரியப் பெண்களில் மேலைமருத்துவம் படித்துப் பட்டம்பெற்ற முதல்வர் எஸ்தர் பாக். ஊழிய மருத்துவர் ரொசெட்டா ஹாலோடு வேலை செய்தவர்; 1910இல் காசநோயால் இறந்தார். ரொசெட்டாவின் மகன் ஷெர்வுட் ஹால், தன்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்த எஸ்தரின் சாவைக் கண்டு காசநோய் மருத்துவராக உறுதி பூண்டார். படித்துத் திரும்பி, 1928இல் ஹேஜு நகரில் சானடோரியம் தொடங்கினார். 1932இல் கொரியாவின் முதல் கிறிஸ்துமஸ் வில்லையை வெளியிட்டார்.

முதலில் அவர் தேர்ந்த படம் ஆமைக் கப்பல். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானியக் கடற்படையைக் கொரியர்கள் முறியடித்த கப்பல் அது. கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அதிகாரிகள் படத்தை ஏற்க மறுத்தார்கள். அதற்குப் பதிலாகச் சியோல் நகரத்தின் தெற்கு வாயிலான நம்தேமுன் இடம்பெற்றது. நோயை எதிர்க்கும் கோட்டை வாயில் என்று மக்கள் அதற்குப் பொருள் கொள்ள இடமிருந்தது. பின்னாளில் ஸ்காட்லாந்து ஓவியர் எலிசபெத் கீத் சில ஆண்டுகளுக்குப் படம் வரைந்துதந்தார். போர் மேகம் சூழ்ந்த 1940இல் ஹால் கொரியாவை விட்டு வெளியேற்றப்பட்டார். அவர் வந்து சேர்ந்தது இந்தியாவுக்கு. ராஜஸ்தானில் அஜ்மீரை அடுத்த மதார் சானடோரியத்தில் 1963 வரை பணியாற்றினார். தென்கொரியாவில் வில்லை வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இந்தியாவும் சென்னையும்

இந்தியக் காசநோய்ச் சங்கம் 1939இல் நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின் அது நடத்திய வில்லை இயக்கம் கிறிஸ்துமஸோடு கட்டுண்டிருக்கவில்லை. காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2இல் தொடங்குவதாக அமைந்தது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விற்ற காசநோய் வில்லை நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதன் பூர்வீகம் கோபன்ஹேகன் தபால் சாளரம். ஒரு பண்டிகையில் பிறந்த வழக்கம், அந்தப் பண்டிகையைக் கொண்டாடாதவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததை அதன் வெற்றிகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

சென்னைக்கு இந்த வரலாற்றில் வேறொரு வகையில் பெரிய இடம் உண்டு. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் ஐசோனியாசிடும் வந்து, நோய் மருந்துக்குக் கட்டுப்படும் என்ற நிலை ஏற்பட்டது. ஆனாலும் நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்ற நம்பிக்கை மாறவில்லை. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் ஒன்றுமே இல்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துசிகிச்சை மையத்தைத் தொடங்கின. அங்கே நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தைத் திருப்பிப்போட்டது. நெருக்கடியான வீடு, சத்துக்குறைவான சாப்பாடு, ஓய்வில்லாத வேலை எல்லாம் இருந்தும், வீட்டில் மருந்து உண்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். வீட்டார்க்கு அதனால் தொற்றும் கூடவில்லை.

ஐம்பது ஆண்டுகளாக வில்லைக் காசு கட்டிய இல்லங்கள், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காத்தன. பிள்ளைகள் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், தாய் தந்தையைப் பிரிந்து கிடந்தார்கள். கிறிஸ்துமஸையும் அங்கேயே கழித்தார்கள். வேறு வழி இல்லாத காலத்தில் அது நியாயமே. அந்தப் பிரிவு இனித் தேவையில்லை என்று சான்றோடு காட்டியது சென்னை.

இன்று

சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கோல்டிங் கரையிலுள்ள அந்த முதல் கட்டடம் இப்போது ஓட்டல். அமெரிக்கச் சங்கம் 1973இல் அமெரிக்க நுரையீரல் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, ஆஸ்துமா, புகைப்பழக்கம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. வில்லையை மட்டும் கைவிடவில்லை. கிரீன்லாந்தும் பாரோ தீவுகளும் தத்தம் வில்லைகளை வெளியிட்டுவந்துள்ளன. டென்மார்க்கில் ஆண்டுதோறும் புதுப் படத்தோடு வரும் தாளுக்கு ஓவியர்கள் படம் வரைகிறார்கள். பின்னாளில் அரசியான மார்கரெத்தே 1970இல் அதை வரைந்தார்.

ஒட்டுவதற்கு உறைதான் குறைந்துவிட்டது. 1624 முதல் கடிதம் சுமந்த டென்மார்க்கின் அரசுத் தபால் சேவை, 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்துவதாக அறிவித்தது. வில்லைப் பணத்தில் அந்நாட்டில் எழுந்த பிள்ளைகளுக்கான இல்லங்கள் அதனோடு மூடப்படவில்லை. நன்கொடைகளைச் சேர்த்துக்கொண்டு அவை இயங்குகின்றன. காசநோய் போய்விட்டதால், உடல் பருமனாலும் தனிமையாலும் பள்ளியில் பிற பிள்ளைகளின் கேலியாலும் வாடும் பிள்ளைகளை இப்போது சேர்த்துக்கொள்கிறார்கள். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்கள் ஏறத்தாழ பத்து வாரம் அங்கே தங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, வெளியில் விளையாடி, தோழமை பிடித்து வீடு திரும்புகிறார்கள்.